வயல்களின் நடுவே ஒரு நேர்கோடு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

இரு புள்ளிகளை இணைக்கும் கோடுகளுள் மிகக் குறுகியது நேர்கோடு என்பது நாம் பள்ளியிலேயே படித்த பாடம். அந்த நேர்கோட்டை வயல்களின் நடுவே ஒரு சாலையாக இழுத்துவிட்டால், சாலையில் போகிறவருக்குத் தூரம் குறைகிறது; அதில் ஐயமில்லை. ஆனால் சாலையின் ஒரு பக்கத்தில் வீடும் மறு பக்கத்தில் நிலமும் உள்ளவருக்குத் தூரம் என்ன ஆகிறது? இந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. கேள்வி எழுந்தது எங்கள் ஊரில். அதைக் கடைசியில் சொல்கிறேன். விடை தேடிப் படித்தபோது கண்ணில் பட்டது, கடல் கடந்த ஒரு சாலை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் நெப்ராஸ்கா மாநிலத்து விளைநிலங்களின் ஊடே செல்லும் 'இன்டர்ஸ்டேட் 80' என்னும் மாநிலங்களிடை நெடுஞ்சாலையே அது.

நான் அந்நாட்டுக்குச் சென்றதில்லை. இதுவரை நான் ஓட்டிய வண்டி எங்கள் அப்பாவின் மிதிவண்டி ஒன்றே. ஆயினும் நூலகத்துப் புத்தகங்களையும், சாலைப் பொறியியல் அளவுகளையும், கைப்பேசியில் காணும் செயற்கைக்கோள் படங்களையும் துணையாகக் கொண்டு அச்சாலையில் ஒரு காரை மனத்தால் ஓட்டிப் பார்த்தேன். வாசகர்களும் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வரலாம். அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்லும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாலை பிறந்த வரலாறு

1919-ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ வண்டிகளின் அணி ஒன்று, வாஷிங்டனிலிருந்து மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டது. சேற்றிலும் மணலிலும் சிக்கி, பாலங்கள் உடைந்து, 62 நாள்கள் கழித்தே போய்ச் சேர்ந்தது. அந்த அணியில் சென்ற இளம் அதிகாரிகளுள் ஒருவர் டுவைட் ஐசன்ஹோவர். பிற்காலத்தில் அவர் குடியரசுத் தலைவரானார். 1956-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் அவர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, 41,000 மைல் நீளமுள்ள நெடுஞ்சாலைப் பின்னல் அமைக்கும் பணி தொடங்கியது. செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்றது. அதற்காகப் பெட்ரோல் வரி காலனுக்கு 2 சென்டிலிருந்து 3 சென்டாக உயர்த்தப்பட்டது.

இச்சாலைகளுக்கு எண்ணிட்ட முறையில் ஒரு கணித ஒழுங்கு உண்டு. கிழக்கு மேற்காகச் செல்லும் முதன்மைச் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். வடக்கு தெற்காகச் செல்வனவற்றுக்கு ஒற்றைப்படை எண். தெற்கிலிருந்து வடக்கே போகப் போக இரட்டைப்படை எண்கள் பெருகும். எனவே 80 என்றதும், நாட்டின் வடபாதியில் கிழக்கு மேற்காகச் செல்லும் சாலை என்று வரைபடம் பாராமலே கூறிவிடலாம்.

நெப்ராஸ்காவில் இதன் நீளம் 455 மைல், அதாவது ஏறத்தாழ 732 கிலோமீட்டர். 1974 அக்டோபரில் இது முழுமை பெற்றது. தனக்குரிய முதன்மை நெடுஞ்சாலையை முதலில் கட்டி முடித்த மாநிலம் நெப்ராஸ்காவே. மைல் கற்களின் எண்கள் மேற்கு எல்லையில் தொடங்குவதால், கிழக்கே ஒமாஹா நகரிலிருந்து புறப்படும் நமக்கு எண்கள் 455-லிருந்து ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும்.

நேர்கோடும் வேகமும்

மாநிலத் தலைநகரான லிங்கனைத் தாண்டியதும் வயல்வெளி தொடங்குகிறது. இரு புறமும் மக்காச்சோளமும் சோயா மொச்சையும் அடிவானம் வரை நிற்கின்றன. இங்கிருந்து கிராண்ட் ஐலண்ட் என்னும் நகர்ப்பக்கம் வரை ஏறத்தாழ 72 மைல் தூரத்துக்குச் சாலையில் வளைவு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஊர்ப்புறப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 75 மைல். அவ்வேகத்தில் சென்றால் 57 நிமிடங்களுக்கு மேலாகத் திருப்புச் சக்கரத்தை ஏறக்குறைய ஒரே நிலையில் பிடித்திருக்க வேண்டும்.

நேரான பகுதிகளைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. போர்க்காலத்தில் விமானங்கள் இறங்குவதற்காக ஐந்து மைலுக்கு ஒரு மைல் நேராக அமைக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாகப் பலர் நம்புகின்றனர். அப்படி ஒரு சட்டம் இல்லை. நிலம் சமதளமாக இருந்ததால் கோடும் நேராக அமைந்தது, காரணம் அவ்வளவே.

மணிக்கு 75 மைல் என்பது நொடிக்குச் சரியாக 110 அடி ஆகும். கணக்குப் போடுகிறவருக்கு இது வசதியான எண். தடங்களைப் பிரிக்கும் வெள்ளைக் கோடு ஒவ்வொன்றும் 10 அடி நீளம். அடுத்த கோட்டுக்கு இடைவெளி 30 அடி. ஆக, 40 அடிக்கு ஒரு கோடு. 110-ஐ 40-ஆல் வகுத்தால், நொடிக்கு 2.75 கோடுகள் நம் கண்ணைக் கடந்து ஓடுகின்றன. ஒரு மணி நேரத்தில் 9,900 கோடுகள்! ஒரே மாதிரியான காட்சி ஒரே தாளத்தில் வந்துகொண்டே இருந்தால், கண் திறந்திருக்கும்போதே மனம் உறங்கத் தொடங்கிவிடும். இதை நெடுஞ்சாலை மயக்கம் என்று கூறுவர்.

இம்மயக்கத்தைக் கலைக்கச் சாலையின் ஓரப் பட்டையில் குறுக்காகச் சிறு பள்ளங்கள் வெட்டப்படுகின்றன. அவற்றுக்கு இடையே ஓரடித் தூரம் விடுவது பரவலான வழக்கம். உறங்கியவரின் வண்டி நொடிக்கு 110 அடி வேகத்தில் அதன்மேல் ஏறினால், சக்கரம் நொடிக்கு 110 முறை அதிரும். 110 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட முரட்டு ஒலி எழும். நம் ஊரில் தூங்கும் வண்டிக்காரரை மாடு நின்று எழுப்பும். அங்கே சாலை உறுமி எழுப்புகிறது.

வேகத்தின் விலை என்ன என்பதையும் காண்போம். 75 மைல் வேகம் என்பது நொடிக்கு 33.5 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க 2.5 நொடி ஆகும் என்று பொறியாளர் கொள்வர். அதற்குள் வண்டி 84 மீட்டர் சென்றுவிடும். நொடிக்கு நொடி 3.4 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொண்டால் நிற்பதற்கு மேலும் 165 மீட்டர் வேண்டும். ஆகக் கூடுதல் 249 மீட்டர். கால் கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் ஆடு குறுக்கே வந்தாலும், அதை அப்போதே பார்த்தாக வேண்டும். எண்ணெய் நெருக்கடியின்போது, 1974-இல், நாடு முழுவதும் உச்ச வேகம் 55 மைலாகக் குறைக்கப்பட்டது. 1995-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 55-க்கும் 75-க்கும் உள்ள வேறுபாடு சிறிதெனத் தோன்றும். இயக்க ஆற்றலோ வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதம் உடையது. எனவே 75 மைலில் மோதும் வண்டியின் ஆற்றல், 55 மைலில் மோதுவதைப் போல 1.86 மடங்கு.

அப்படியிருந்தும் இவ்வளவு வேகத்தை எப்படி அனுமதிக்கிறார்கள்? தடத்தின் அகலம் 12 அடி, ஓரப் பட்டை 10 அடி, எதிர்த்திசை வண்டிகளுக்கு இடையே அகன்ற புல்வெளி என்பன பாதி விடை. மீதிப் பாதி வேலியில் இருக்கிறது. அதற்கு முன் வயல்களைப் பார்த்துவிடுவோம்.

கட்டங்களும் வட்டங்களும்

மேலிருந்து பார்த்தால் நெப்ராஸ்கா ஒரு கணக்கு நோட்டு போலக் கட்டம் கட்டமாக இருக்கும். 1785-ஆம் ஆண்டின் நில ஆணையின்படி அந்நாட்டு நிலங்களை ஒரு மைல் பக்கமுள்ள சதுரங்களாக அளக்கத் தொடங்கினர். ஒரு சதுர மைல் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். 1862-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு குடியேறிக்கு வழங்கியது அதிக அளவாக இந்த 160 ஏக்கரே. (அதற்கு முன் அந்நிலத்தில் வாழ்ந்த பழங்குடி மக்களை அகற்றிய பின்னரே இவ்வளவும் நடந்தது என்பதையும் மறத்தல் ஆகாது.) சதுரங்களின் எல்லைகளே பிற்காலத்தில் மண் சாலைகள் ஆயின. ஆகவே பல இடங்களில் மைலுக்கு ஒரு சாலை உண்டு.

சதுரங்களுக்குள் பச்சை வட்டங்கள் தெரியும். நடுவில் ஓர் ஆழ்துளைக் கிணறு. அதிலிருந்து கால் மைல் நீளக் குழாய் ஒன்று சக்கரக் கால்களின் மேல் நின்று, கடிகார முள்போல மெதுவாகச் சுற்றி நீர் தெளிக்கும். பிராங்க் சைபாக் என்னும் உழவர் கண்டுபிடித்து, 1952-இல் காப்புரிமை பெற்ற கருவி இது. நீர் வருவது ஒகல்லாலா என்னும் பெரிய நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்து. எட்டு மாநிலங்களின் அடியில் அது பரவியுள்ளது.

சதுரத்துக்குள் வட்டம் என்றதும் நமக்குக் கணக்கு நினைவுக்கு வரும். வட்டத்தின் பரப்பு சதுரத்தின் பரப்பில் பை-யின் நான்கில் ஒரு பங்கு. 160 ஏக்கரில் 125.7 ஏக்கர் நீர் பெறும்; நான்கு மூலைகளிலும் சேர்த்து 34.3 ஏக்கர் விடுபடும். அம்மூலைகளில் மானாவாரிப் பயிர் வைப்பவரும் உண்டு. புல் வளர விடுபவரும் உண்டு. சுற்றும் குழாயின் பாதையில் சாலை குறுக்கிட்டால், முழு வட்டம் இயலாது. சாலை வரை வந்து, திரும்பி, வந்த வழியே போக வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் சாலையோரம் தெரியும் அரை வட்டங்களைக் கண்டபோதுதான், நேர்கோட்டின் விலையை உழவரும் தம் நிலத்தில் தருகிறார் என்று எனக்குப் புலப்பட்டது.

மேற்கே போகப் போக

கிராண்ட் ஐலண்டுக்கு அப்பால் சாலை பிளாட் ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கி, ஆற்றின் துணையோடு செல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகளில் மேற்கே குடிபெயர்ந்தோர் போன வழியும் இதுவே. 1869-இல் முடிந்த கண்டங்கடந்த இரயில் பாதையும் இவ்வழியே. சாலையோரத்தில் குளங்கள் வரிசையாகத் தெரியும். அவை இயற்கைக் குளங்கள் அல்ல. சாலை மேட்டுக்கு மணலும் சரளையும் தோண்டிய குழிகளில், நிலத்தடி நீர் ஊறி நிறைந்தது. பின்னர் அவற்றில் மீன் விட்டனர். மார்ச்சு மாதத்தில் வந்தால், இந்த ஆற்றுப் பகுதியில் சாண்ட்ஹில் கொக்குகள் பல இலட்சம் தங்கி, அறுவடையில் சிந்திய மக்காச்சோளத்தைப் பொறுக்குவதைக் காணலாம்.

ஓட்டுபவருக்குத் தெரியாமலே நிலம் உயர்கிறது. ஒமாஹா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 அடி; மேற்கு எல்லை ஏறத்தாழ 5,000 அடி. மைலுக்கு 9 அடிக்கும் குறைவான ஏற்றம். கண் இதைச் சமதளம் என்றே கூறும். மழையோ நேர்மாறாகக் குறைகிறது: கிழக்கே ஆண்டுக்கு 30 அங்குல அளவில் பெய்வது, மேற்கே 15 அங்குல அளவாகிறது. கோசாட் என்னும் சிற்றூரில் நூறாவது மேற்குத் தீர்க்கக்கோடு கடக்கிறது. அதற்கு மேற்கே பாசனமின்றி வேளாண்மை நிலைப்பது கடினம் என்று ஜான் வெஸ்லி பவல் 1878-ஆம் ஆண்டு அறிக்கையில் எச்சரித்தார். நார்த் பிளாட் நகரைத் தாண்டினால் கடிகாரத்தையும் ஒரு மணி பின்னால் தள்ள வேண்டும்.

பின்னர் மக்காச்சோளம் குறைந்து, கோதுமையும் மேய்ச்சல் நிலமும் வருகின்றன. சிட்னி என்னும் ஊர்ப்பக்கம் விளையும் ஒரு பயிரின் பெயரைப் படித்தபோது வியப்படைந்தேன். அது நம் பனிவரகு! குறைந்த நீரில், குறைந்த நாளில் விளையும் சிறுதானியம். எங்கள் அப்பாயி சோறாக்கித் தின்ற தானியத்தை அங்கே பெரும்பாலும் பறவைத் தீனியாக விற்கிறார்கள் என்பது வேறு கதை.

வேலிக்கு அப்பால்

இப்போது வேலிக்கு வருவோம். இச்சாலையின் இரு பக்கமும் நெடுகிலும் வேலி உண்டு. குறுக்குச் சாலை சமதளத்தில் வந்து சேராது, சிக்னல் இல்லை, கடை வாசல் இல்லை, பக்கத்து வயல்காரர் தம் டிராக்டரை நேரே சாலையில் ஏற்ற முடியாது. குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே ஏறவும் இறங்கவும் வழி உண்டு. வேகம் இயந்திரத்தில் பிறக்கிறது என்று நான் எண்ணியிருந்தேன். குறுக்கே எதுவும் வராது என்ற உறுதியில்தான் அது பிறக்கிறது.

அந்த உறுதிக்கு விலை கொடுப்போர் இருவர். முதலாமவர் பழைய சாலையோரத்துச் சிற்றூர்க்காரர். முன்பு 'லிங்கன் நெடுஞ்சாலை' ஒவ்வோர் ஊரின் கடைத்தெரு வழியாகவும் சென்றது. புதிய சாலை ஊருக்கு வெளியே விலகிச் சென்றதும், பெட்ரோல் கடையும் உணவு விடுதியும் சாலையின் இறங்கு வழிக்கு இடம் மாறின. பயணி ஊரின் பெயரைப் பலகையில் படிக்கிறார், ஊரைப் பார்ப்பதில்லை. இரண்டாமவர் உழவர். சாலைக்கான நிலத்தின் அகலம் 300 அடி என்று வைத்துக்கொண்டால், மைலுக்கு 36 ஏக்கருக்கு மேல் போகிறது. மீதி நிலமும் இரண்டாகப் பிரிகிறது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மைலுக்கு ஒன்றாக இருந்த மண் சாலைகளுள் பலவற்றுக்கு நெடுஞ்சாலையின் மேலோ கீழோ பாலம் கட்டிக் கொடுத்தனர். எல்லாவற்றுக்கும் கிடைக்கவில்லை; சில சாலைகள் வேலியோடு முடிந்துபோயின. இந்த இழப்பை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. அடுத்தடுத்த இரு பாலங்களுக்கு இடையே உள்ள தூரம் 'தூ' என்க. ஓர் உழவரின் வீட்டுக்கு நேர் எதிரே அவர் நிலம். அருகிலுள்ள பாலத்துக்கு அவர் செல்ல வேண்டிய தூரம், பூச்சியத்துக்கும் தூ-வின் பாதிக்கும் இடையே எதுவாகவும் இருக்கலாம். சராசரி தூ-வில் கால் பங்கு. பாலம் வரை சென்று, மறு பக்கம் அதே தூரம் திரும்பி வர வேண்டும். ஆகவே ஒருமுறை கடக்க ஆகும் கூடுதல் தூரம், சராசரியாகத் தூ-வில் பாதி. மிக அதிகமாகத் தூ முழுவதும். மைலுக்கு ஒரு பாலம் இருந்தால் சராசரி இழப்பு அரை மைல். நான்கு மைலுக்கு ஒன்று என்றால் இரண்டு மைல். டிராக்டருக்கு அது சில நிமிடம். நடந்து போகிறவருக்கு?

எங்கள் ஊர்ச் சாலை

எங்கள் வீடு நான்கு வழிச் சாலைக்கு மேற்கே. எங்கள் ஒன்றரை ஏக்கர் காடு அதற்குக் கிழக்கே, வீட்டுக்கு நேர் எதிரே. (எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம்.) சாலை அகலமாவதற்கு முன் வாசலிலிருந்து கூப்பிட்டால் காட்டில் கேட்கும். இப்போது நடுவே அரளிச் செடி வைத்த திட்டு. இரு பக்கமும் வண்டிகள். சுரங்கப்பாதை தெற்கே இருக்கிறது. அதன் தூரத்தை மிதிவண்டிச் சக்கரத்தைக் கொண்டு அளந்தேன். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர், 640 சுற்று, 1.4 கிலோமீட்டர். எனவே ஒருமுறை கடக்கக் கூடுதல் தூரம் 2.8 கிலோமீட்டர். காலையும் மாலையும் போய் வந்தால் நான்கு முறை, நாளொன்றுக்கு 11.2 கிலோமீட்டர்.

அப்பா அவ்வளவு தூரம் நடப்பதில்லை. தலையில் தழைக்கட்டோடு திட்டின் மேல் ஏறிக் கடக்கிறார். ஒரு திசையில் மட்டும் அகலம் 7 மீட்டர். சுமையோடு நொடிக்கு 0.9 மீட்டர் நடப்பவருக்கு அதைக் கடக்க 7.8 நொடி ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் கார் அதற்குள் 216 மீட்டர் வந்துவிடும். மாலை மங்கலில் விளக்கு மட்டும் தெரியும்போது, 216 மீட்டரையும் 150 மீட்டரையும் எந்தக் கண் பிரித்தறியும்? சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஆடு மேய்த்து வந்த பாட்டி ஒருவர் அவ்விடத்தில் அடிபட்டு இறந்தார். மறுநாளும் அப்பா அங்கேதான் கடந்தார். "சுத்திப் போனா வேலை எப்ப சாமி செய்யறது?" என்றார். அவர் விதியை மீறுகிறார் என்று கூறுவோர் உளர். 11.2 என்னும் எண்ணை அவர்கள் அறியார்.

நெப்ராஸ்காச் சாலையிடம் நான் கற்றது இதுதான். அது வேகத்தைக் கொண்டு வந்தது; கூடவே வேலியையும் பாலத்தையும் கொண்டு வந்தது. எங்கள் ஊருக்கு வேகம் வந்துவிட்டது. பாலம் வரவில்லை. பாலம் இல்லாத இடத்தில் வேலி மட்டும் போட்டால் அப்பாவின் காடு தரிசாகும். வேலியும் இல்லாமல் விட்டால் இன்னோர் உயிர் போகும்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான் என்பதால் தெருவார் மனு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தனர். வழக்கமான வேண்டுகோள் வரிகளோடு, மேலே கண்ட எண்களையும் ஓர் அட்டவணையாக எழுதி, 43 பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து, திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கொடுத்துள்ளோம். நடந்து கடக்க ஒரு சிறு மேம்பாலம் போதும். விடை இன்னும் வரவில்லை. கேட்பதை நிறுத்தவும் இல்லை.

வரைபடத்தில் நேர்கோடு இழுக்கும் வேலை நாளை நம் வகுப்பில் ஒருவருக்கும் வரலாம். இழுக்கும்போது அக்கோட்டுக்குச் செங்குத்தாக நாள்தோறும் நடக்கும் கால்களையும் எண்ணிக் கொள்ளுங்கள். கடக்கும் வழியையும் அதே தாளில், அதே நாளில் வரைந்துவிடுங்கள்.